மட்டந்தட்டலும் மெய்ம்மையும்: இரசாயனப் பாடத்தில் அளவீடு, அலகு, பொருளுள்ள இலக்கம்

இரசாயனவியல் கற்கப் புகும் மாணவர் தொடக்கத்தில் எதிர்கொள்ளும் பாடங்களுள் அளவீடும் ஒன்று. அலகுகளின் அட்டவணை, ஓர் அலகினை மற்றோர் அலகாக மாற்றும் முறை, பொருளுள்ள இலக்கங்கள் பற்றிய நாலைந்து விதிகள் ஆகியவற்றுடன் அது முடிந்துவிடுகிறது. ஆசிரியரும் மாணவரும் விரைந்து கடந்துசெல்ல விரும்பும் பகுதி அது. மூலகங்களும் தாக்கங்களும் காத்திருக்கையில், பூச்சியத்தை எண்ணுவதா விடுவதா என்னும் வினா எவருக்கும் உவப்பானதன்று. விடை சரியாகவிருந்தும் இலக்கங்கள் கூடிவிட்டமையாற் புள்ளி இழந்த மாணவர், இவ்விதிகளை ஒருவகைச் சடங்காகவே கருதுகிறார். அவ்வாறு கருதுவதற்காக அவரைக் குறைகூறவும் இயலாது.

இலக்கிய ஆய்வினைத் தொழிலாகக் கொண்ட நாம் இவ்விடயத்திற் புகுவதற்கு விளக்கம் வேண்டப்படலாம். எமது துறையில் ஒரு கூற்றினை எதிர்கொள்ளும்போது, அதனைக் கூறுபவர் யார், எதனை ஆதாரமாகக் கொண்டு கூறுகிறார், அவரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று வினவப் பழகியுள்ளோம். அளவீட்டைக் குறிக்கும் எண்ணும் ஒரு கூற்றேயாகும். ‘25.0 கிராம்’ என எழுதும் மாணவர் மூன்று செய்திகளைத் தெரிவிக்கிறார். எதனோடு ஒப்பிட்டார் என்பது ஒன்று. அதன் எத்தனை மடங்கு என்பது இன்னொன்று. எந்த இடம்வரை தாம் கண்டதற்குப் பொறுப்பேற்கிறார் என்பது மூன்றாவது. முதலாவதை அலகு என்கிறோம். மூன்றாவதைப் பொருளுள்ள இலக்கம் என்கிறோம். இவ்விரண்டும் மனிதர் தம்முட் செய்துகொண்ட உடன்பாடுகள். அதேவேளை இயற்கையின் மெய்ம்மையைப் பற்றிப்பிடிக்கும் கருவிகளும் அவையே. இவ்விரட்டைத் தன்மையை விளங்கிக்கொண்டால் விதிகளை மனனஞ் செய்யவேண்டிய தேவை பெருமளவு நீங்கிவிடும் என்பதே எமது கருத்து.

அலகிலிருந்து தொடங்குவோம். மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலின் முதலாம் அத்தியாயத்திற் பெறுமதியின் வடிவத்தை விளக்குமிடத்து, சீனிக்கட்டியொன்றை நிறுப்பதை உவமையாகக் கையாளுகிறார். சீனிக்கட்டிக்குப் பாரம் உண்டு. ஆனால் அதனைக் கண்ணாற் காணவியலாது. பாரம் முன்னரே தீர்மானிக்கப்பட்ட இரும்புத் துண்டுகளை எதிர்த்தட்டில் வைக்கிறோம். அவ்வுறவில் இரும்பு தன் மற்றைய இயல்புகள் யாவற்றையும் இழந்து, பாரத்தின் உருவமாக மாத்திரம் நிற்கிறது. அவர் விளக்க முற்பட்டது பெறுமதியையே. ஆயினும் அளவீடு என்பது இரு பொருள்களுக்கிடையிலான ஓர் உறவு என்பதை இதனினுந் தெளிவாக உரைக்கும் விஞ்ஞானப் பாடநூல் எதனையும் நாம் கண்டதில்லை. உவமையின் எல்லையையும் அவரே வரைந்துள்ளார் என்பது மனங்கொள்ளத்தக்கது. பாரம் இரும்புக்கும் சீனிக்கும் பொதுவான இயற்கைப் பண்பு. பெறுமதியோ முற்றிலுஞ் சமூகப் பண்பு. அலகு சமூகத்தின் ஆக்கமாயிருப்பதால் அளக்கப்படுவதும் சமூகத்தின் ஆக்கமே என்று முடிவுகட்டும் போக்கு அண்மைக் காலத்தில் எமது துறையிலும் தலைகாட்டியிருப்பதால், இவ்வெச்சரிக்கையை அழுத்திக் கூறவேண்டியுள்ளது.

அலகுகள் வாழ்க்கைத் தேவைகளிலிருந்து தோன்றின. யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளில் இலாச்சம் என்னும் நில அளவு நெற்காணிக்கு ஒன்றாகவும் வரகுக்காணிக்கு வேறொன்றாகவும் கணிக்கப்பட்டமையைக் காணலாம். விதைப்பின் அடிப்படையில் எழுந்த அளவு அது. நிலத்தைக் கயிறு பிடித்து அளப்பவருக்கு இது குழப்பமாகத் தோன்றும். உழுபவருக்கோ, எத்தனை விதையை அந்நிலம் ஏற்கும் என்பதே நிலத்தின் உண்மையான அளவு. ஐரோப்பாவின் நிலவுடைமைச் சமூகங்களிலும் நிலைமை இவ்வாறே இருந்தது. போலந்து நாட்டுப் பொருளாதார வரலாற்றாசிரியரான விற்றொல்ட் கூலா 1970 இல் வெளியிட்ட ‘அளவைகளும் மனிதர்களும்’ என்னும் நூல் இதனை விரிவாக ஆராய்கின்றது. குத்தகைத் தானியத்தின் தொகை வழக்காற்றினால் நிலைபெற்றிருக்க, அதனை அளக்கும் பாத்திரம் மெல்ல மெல்லப் பெருத்து வந்தமையை அவர் எடுத்துக்காட்டுகிறார். பெறும்போது குவித்து அளப்பதும் கொடுக்கும்போது தலைதட்டி அளப்பதும் உடைமையாளரின் கைவந்த கலையாகவிருந்தன. கொத்தாலும் பறையாலும் நெல்லளந்த எமது கிராமங்களுக்கும் இவ்வேறுபாடு புதிதன்று. எண்களைக் குறித்த இடத்துக்குச் சுருக்குதலை இலங்கைக் கணிதப் பாடநூல்கள் மட்டந்தட்டல் என வழங்குகின்றன. அச்சொல்லைக் கேட்குந்தோறும் பறையின் வாயை நிரவிச்செல்லும் கோலே எமக்கு நினைவில் வருகிறது. கோல் எவ்விடத்தில் ஓடுகிறது, வழிந்த நெல் யார் பக்கம் விழுகிறது என்னும் வினாக்கள் இரசாயன ஆய்கூடத்திலும் எழுவனவே.

1789 இல் பிரான்சின் மூன்றாம் வகுப்பினர் அரசனுக்குச் சமர்ப்பித்த முறைப்பாட்டுப் பத்திரங்களில், நாடெங்கும் ஒரே நிறையும் ஒரே அளவும் வேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. மெற்றிக்கு முறையின் பிறப்பை அறிஞர் சிலரின் மதிநுட்பத்தோடு மாத்திரம் இணைத்துப் பேசுவோர் இப்பின்னணியை மறந்துவிடுகின்றனர். அவ்வறிஞரின் பங்கும் சிறிதன்று. 1793 இன் தொடக்கத்தில் லவோசியேயும் ஹவுயியும் குறித்த கனவளவு நீரின் நிறையை நுணுக்கமாகத் துணிந்தனர். வரி வசூலிக்கும் குத்தகைக் கூட்டத்தின் பங்காளியாகவும் இருந்த லவோசியே 1794 மே 8 ஆந் திகதி கொலைக்களஞ் சென்றார். மறுவருடம் பிறந்த சட்டம் மீற்றரின் நூறிலொரு பங்கைப் பக்கமாகவுடைய கனத்தை நிரப்பும் தூய நீரின் நிறையே கிராம் என வரையறுத்தது. நீளத்திலிருந்து கனவளவு, கனவளவிலிருந்து நிறை என மூன்றும் ஒரே சங்கிலியிற் பிணைந்தன. உள்ளூர் உடைமையாளரின் பாத்திரத்திலிருந்து விவசாயி விடுபட்டார். தேசியச் சந்தையை வேண்டிநின்ற முதலாளி வர்க்கமும் தன் தேவையை நிறைவுசெய்து கொண்டது.

அச்சங்கிலியில் ஒரு சிறு பிசகு நிகழ்ந்தமை சுவையான செய்தி. 1799 இற் பிளாற்றினத்தாற் செய்யப்பட்ட கிலோகிராம், வகுத்த கனவளவு நீரைவிட மிகச் சிறிதளவு பாரங் கூடியதாக அமைந்துவிட்டது. 1901 இல் ஒரு கிலோகிராம் நீர் அடைக்கும் கனவளவே இலீற்றர் என வரையறுக்கப்பட்டபோது, அது 1.000028 கன தெசிமீற்றராயிற்று. 1964 இலேயே இலீற்றர் மீண்டும் கன தெசிமீற்றருக்குச் சமனாக்கப்பட்டது. இடைப்பட்ட அறுபத்துமூன்று ஆண்டுகளில் மில்லிலீற்றரும் கன சென்ரிமீற்றரும் ஒன்றாகவிருக்கவில்லை! பாடசாலை அளவியில் இவ்வேறுபாடு தெரியவே தெரியாது. ஆறிலக்க நுட்பத்துடன் அடர்த்தியை அளந்தவருக்கு அது தலையிடியாகவிருந்தது. ஒரே வேறுபாடு ஓரிடத்திற் பொருளற்றும் மற்றோரிடத்திற் பொருளுற்றும் நிற்கும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் அரிது.

1971 இல் மூல் ஏழாவது அடிப்படை அலகாகச் சருவதேச முறையிற் சேர்க்கப்பட்டது. அப்போது அது 12 கிராம் காபன்-12 இலுள்ள அணுக்களின் எண்ணிக்கையாக வரையறை பெற்றது. 2019 மே 20 முதல், 6.02214076 × 10²³ துணிக்கைகள் கொண்டதே ஒரு மூல் என வரையறை மாறியது. இதனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. முன்னர் அவகாதரோ மாறிலி அளந்தறியப்பட்ட எண். அதன் கடைசி இலக்கங்கள் ஐயத்துக்குரியவை. இப்போது அது வரையறுக்கப்பட்ட எண். அதில் ஐயமே இல்லை. காபன்-12 இன் மூலர்த் திணிவு முன்னர் மிகச் சரியாக 12 கிராம். இப்போது அதுவே அளந்தறியப்பட வேண்டியதாயிற்று. ஐயம் அழியவில்லை, இடம்பெயர்ந்தது.

இனி அலகு மாற்றத்துக்கு வருவோம். இதன் தத்துவம் மிக எளியது. 1 கன தெசிமீற்றரும் 1000 கன சென்ரிமீற்றரும் ஒரே கனவளவு; எனவே ஒன்றை மற்றதால் வகுத்தால் ஈவு ஒன்று. ஒன்றாற் பெருக்கினால் எப்பொருளும் மாறாது, அதன் பெயர் மாத்திரமே மாறும். 25.00 கன சென்ரிமீற்றரை 0.02500 கன தெசிமீற்றர் என எழுதும்போது கரைசலில் ஒரு துளியுங் கூடவோ குறையவோ இல்லை. முன்னால் வந்து ஒட்டிக்கொண்ட பூச்சியங்கள் அலகு மாறியதால் வந்தவை. அலகைத் திருப்பிமாற்றினால் மறைந்துபோவன. முன்னிற்கும் பூச்சியங்கள் பொருளுள்ள இலக்கங்கள் ஆகாமைக்குக் காரணம் இதுவே. பின்னிற்கும் இரு பூச்சியங்களோ எந்த அலகுக்கு மாற்றினும் மறைவதில்லை. அவை குழாயியின் நுட்பத்துக்குச் சாட்சியானவை.

மாணவர் இடறுவது பெரும்பாலும் வர்க்க, கன அலகுகளிலேயாகும். இரசத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 13.6 கிராம். மீற்றருக்கு 100 சென்ரிமீற்றர் என்பதை நினைவிற்கொண்டு, கன மீற்றருக்கும் 100 எனக் கொள்பவர் பலர். நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் நூறுநூறாகப் பத்து இலட்சம் கன சென்ரிமீற்றர் ஒரு கன மீற்றருள் அடங்கும். அடர்த்தி கன மீற்றருக்கு 13,600 கிலோகிராம். பதின்மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட இத்தொகையைக் கண்டு ஒருகணம் திகைக்கும் மாணவர், அளவு என்றால் என்ன என்பதை அறியத் தொடங்கிவிட்டார். வெப்பநிலையில் வேறுவிதமான இடறல் நேர்கிறது. 27 பாகை செல்சியசிலிருந்து 54 பாகைக்குச் சென்றால் வெப்பநிலை இருமடங்காயிற்று என்பது பொய். கெல்வினில் அது ஏறத்தாழ 300 இலிருந்து 327 ஆகிறது. மாறா அமுக்கத்தில் வாயுவின் கனவளவு ஒன்பது வீதமளவே கூடுகிறது. செல்சியசின் பூச்சியம் நாம் நட்ட கல். கெல்வினின் பூச்சியமோ வெப்பநிலையின் கீழ்மட்ட எல்லையிலேயே நிற்பது.

அலகற்ற எண் எத்துணை அபாயகரமானது என்பதற்கு 1983 யூலை 23 ஆந் திகதி கனடாவில் நிகழ்ந்தது நிலையான சான்று. மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்ரன் செல்லவிருந்த எயர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானத்தில் எரிபொருள் காட்டும் கருவி பழுதடைந்திருந்தது. தாங்கியில் அளவுகோல் இட்டுப் பார்த்தபோது 7,682 இலீற்றர் இருந்தது. பயணத்துக்கு 22,300 கிலோகிராம் வேண்டும். இலீற்றரை நிறையாக மாற்ற அடர்த்தி தேவை. கையிற் கிடைத்த எண் 1.77. அது இலீற்றருக்கு 1.77 இறாத்தல். கணித்தவர்களோ அதனைக் கிலோகிராமாகக் கொண்டனர். 7,682 ஐ 1.77 ஆற் பெருக்கி 13,597 கிலோகிராம் உண்டென்றும், மீதி 8,703 கிலோகிராமுக்கு 4,916 இலீற்றர் போதுமென்றும் முடிவுசெய்தனர். இலீற்றருக்கு 0.803 கிலோகிராம் என்னும் சரியான எண்ணைக் கையாண்டிருப்பின் 20,088 இலீற்றர் ஏற்றப்பட்டிருக்கும். 41,000 அடி உயரத்தில் எந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விமானி அதனைச் சறுக்கு விமானம்போல் இறக்கி, மனிற்றோபா மாகாணத்தின் கிம்லி என்னுமிடத்திலிருந்த பழைய விமானப்படைத் தளத்திற் சேர்த்தார். அறுபத்தொன்பது பேரும் உயிர்தப்பினர்.

இதனைக் கணக்கறியாதவர் செய்த பிழையெனத் தள்ளிவிடலாகாது. கனடா மெற்றிக்கு முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்நிறுவனத்தின் விமானங்களுள் கிலோகிராமிற் கணிக்கப்பட்ட முதல் வகை 767. முன்னைய விமானங்களில் மூன்றாமவராக அமர்ந்து எரிபொருட் கணக்கைப் பார்த்த விமானப் பொறியியலாளர் இப்புதிய விமானத்தில் இல்லை. அவருடைய பணி யாரைச் சார்ந்தது என்பது தெளிவாக வரையறுக்கப்படவுமில்லை. தொழிற்பிரிவினை மாற்றியமைக்கப்பட்டபோது ஓர் எண்ணுக்குப் பொறுப்பேற்கும் மனிதர் காணாமற்போனார். அலகும் அவருடன் சேர்ந்தே காணாமற்போயிற்று. இலங்கையும் 1970 களில் மெற்றிக்கு முறைக்கு மாறத் தொடங்கிய நாடு. இன்றும் எமது வீடுகளிற் பாண் இறாத்தலாகவும் சீனி கிலோவாகவும் பேசப்படுவதை எண்ணுமிடத்து, பழைய அலகும் புதிய அலகும் ஒரே நாவில் வாழ்வது கனடாவுக்கு மாத்திரம் உரியதன்று என்பது புலனாகும்.

பொருளுள்ள இலக்கங்களை நாம் முதன்முதற் கற்றது ஆய்கூடமற்ற ஒரு வகுப்பறையிலாகும். உயர்தரத்தில் விஞ்ஞானங் கற்றுப் பின்னர் கலைத்துறைக்கு மாறியவர் நாம். அப்பாடசாலையில் இருந்த ஒரேயொரு அளவி கண்ணாடி அலுமாரியினுள் பூட்டப்பட்டிருந்தது. அளவியின் படம் கரும்பலகையில் வரையப்பட்டது. பிறையுருவின் அடிப்பகுதியை நேராக நோக்கி வாசித்தல் வேண்டும் என்ற வாக்கியத்தை நாம் எழுதி மனனஞ் செய்தோம். திரவத்தின் மேற்பரப்பு எமது கண்முன் ஒருநாளும் வளைந்ததில்லை. பூச்சியம் பற்றிய விதிகள் நாலும் எமக்குத் தலைகீழாகத் தெரியும். அவை எதற்கென்பது மாத்திரம் தெரியாது. உற்பத்திக் கருவியைத் தொடாதவருக்கு அதன் வழி பிறந்த விதி சமயக் கட்டளையாகத் தோன்றுவது இயல்பே. வசதியுள்ள பாடசாலைகளின் மாணவர் கையாற் பெற்ற அறிவை ஏனையோர் நெட்டுருவாற் பெறுகின்றனர். பரீட்சைத்தாள் இருவரையும் ஒரே கோலால் மட்டந்தட்டுகிறது.

அளவியைக் கையிற்கொண்டு நோக்குவோம். பத்திலொரு கன சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு. திரவத்தின் மட்டம் 23.4 இற்கும் 23.5 இற்கும் நடுவே நிற்கிறது. நாம் 23.45 என எழுதுகிறோம். முதல் மூன்று இலக்கங்களைக் கோடுகள் தந்தன. நாலாவதை எமது கண் மதித்தது. நிச்சயமானவை யாவும், அவற்றோடு மதிப்பிட்ட ஒன்று: பொருளுள்ள இலக்கம் என்பதன் வரைவிலக்கணம் இவ்வளவே. மட்டம் சரியாக 23.4 இன் கோட்டில் நின்றால் 23.40 என எழுதவேண்டும். அப்பூச்சியத்தை விட்டுவிடுபவர் தாம் கண்டதை மறைக்கிறார். 23.400 என எழுதுபவர் தாம் காணாததைக் கண்டதாகச் சொல்கிறார். பின்னையதே பெருங்குற்றம் என்போம்.

இப்போது ஒரு நியமிப்பு. சோடியமைதரொட்சைட்டுக் கரைசல் 25.00 கன சென்ரிமீற்றர் கூம்புக் குடுவையில் உள்ளது. அதன் செறிவு கன தெசிமீற்றருக்கு 0.100 மூல். அளவியிலிருந்து 23.45 கன சென்ரிமீற்றர் ஐதரோகுளோரிக்கமிலம் சேர்த்ததும் காட்டியின் நிறம் மாறுகிறது. அமிலத்தின் செறிவைக் கணிப்பானிற் பெற்றால் 0.1066098081 எனத் திரையில் ஒளிரும். இத்தனை இலக்கங்களும் எங்கிருந்து வந்தன? குடுவையிலிருந்து வரவில்லை என்பது வெளிப்படை. காரத்தின் செறிவு 0.100 என்பதற்கு, அது 0.0995 இற்கும் 0.1005 இற்கும் இடையே எங்கோ உள்ளது என்பதே பொருள். அவ்விரு எல்லைகளையும் வைத்துக் கணித்தால் அமிலத்தின் செறிவு 0.1061 ஆகவும் இருக்கலாம், 0.1071 ஆகவும் இருக்கலாம். மூன்றாவது பொருளுள்ள இலக்கமே தடுமாறுகையில் பத்தாவதைப் பற்றிப் பேசுவது எங்ஙனம்? விடை 0.107. காரத்தின் செறிவு 0.1000 எனத் துணியப்பட்டிருப்பின் 0.1066 என நாலிலக்கம் எழுத உரிமையுண்டு. பெருக்கலிலும் வகுத்தலிலும் மிகக் குறைந்த இலக்கமுள்ள எண்ணே விடையை ஆளும் என்னும் விதி இதிலிருந்து தானாகப் பிறக்கிறது. எனினும் அது அண்ணளவான விதியே. வழுக்களை முறைப்படி கணிப்பதற்கு அது ஈடாகாது.

சில எண்கள் இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை. மூன்று முறை நியமித்துச் சராசரி காண்பவர் 3 ஆல் வகுக்கிறார். அந்த 3 எண்ணப்பட்டது, அளக்கப்பட்டதன்று. ஓர் இறாத்தல் 0.45359237 கிலோகிராம் என்பது 1959 இல் ஆங்கில மொழி நாடுகள் செய்த உடன்பாடு, அதிலும் ஐயமில்லை. 2500 என்று எழுதப்பட்ட எண்ணோ ஊமை. இரண்டு இலக்கமா நான்கு இலக்கமா என்று அது சொல்வதில்லை. 2.50 × 10³ என எழுதினால் வாய்திறக்கும். மட்டந்தட்டுமிடத்துக் கடைசி இலக்கம் சரியாக 5 ஆயின் எப்பொழுதும் மேலேற்றுவது வழக்கம். நீண்ட அட்டவணைகளில் அவ்வாறு செய்தால் கூட்டுத்தொகை ஒரே பக்கம் சாயும். ஆகவே முன்னுள்ள இலக்கம் இரட்டையாகும் வண்ணம் ஏற்றியும் இறக்கியும் விடுவோர் உளர். குவித்தளந்த பறையின் கதை இங்கும் தொடர்கிறது.

கூட்டலிலும் கழித்தலிலும் இலக்கங்களின் எண்ணிக்கையன்றித் தசம இடமே முதன்மை பெறும். 25.2 கிராம் முகவையுள் 0.1234 கிராம் உப்பை இட்டால் மொத்தம் 25.3 கிராம் என்பதே நேர்மையான விடை. கழித்தலில் ஒரு பொறி உண்டு. தாளோடு 25.347 கிராம், வெறுந்தாள் 25.312 கிராம் எனின், பொருள் 0.035 கிராம். ஐந்திலக்க எண்கள் இரண்டு மோதி ஈரிலக்க எண்ணொன்றை மாத்திரம் விட்டுச்சென்றன. சிறு வேறுபாட்டை அறிய விரும்புபவர் இரு பெரும் அளவுகளையும் மிக நுட்பமாக அளக்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இரசாயன வரலாற்றில் இவ்வுண்மையின் மிகச்சிறந்த நிரூபணம் றேலி பிரபுவின் நைதரசனாகும். மூலகங்களின் அணுத்திணிவுகள் ஐதரசனின் திணிவினது முழுவெண் மடங்குகள் என 1815 அளவிற் புறவுட் முன்வைத்த கருதுகோளைப் பரீட்சிக்கும் நோக்குடன், றேலி 1882 முதல் வாயுக்களின் அடர்த்தியை அளக்கத் தொடங்கினார். புறவுட்டின் கொள்கை மட்டந்தட்டும் ஆசையின் கொள்கை, குளோரீனின் 35.5 அதற்கு அடங்க மறுத்தது. நைதரசனின் முறை வந்தபோது, ஒரே கண்ணாடிக் கோளத்தை இரு வழிகளிற் பெற்ற வாயுவால் நிரப்பி நிறுத்தார். காற்றிலிருந்து ஒட்சிசனை நீக்கிப் பெற்றது 2.31016 கிராம். இரசாயனச் சேர்வைகளிலிருந்து பெற்றது 2.29927 கிராம். இரண்டுமே பலமுறை நிறுத்துப் பெற்ற சராசரிகள். காற்றிலிருந்து ஒட்சிசனைச் சூடான செப்பால் நீக்கினும், சூடான இரும்பால் நீக்கினும், பெரசைதரொட்சைட்டால் நீக்கினும் முறையே 2.31026, 2.31003, 2.31020 எனவே வந்தது. வித்தியாசம் 0.01089 கிராம், ஏறத்தாழ இருநூறிலொரு பங்கு.

இவ்வெண்களைப் பாடசாலைத் தராசில் வைத்துப் பார்ப்போம். பத்திலொரு கிராமுக்கு மட்டந்தட்டின் இரண்டும் 2.3. நூறிலொன்றுக்கு மட்டந்தட்டின் 2.31, 2.30, எவரும் வழுவென்றே ஒதுக்கிவிடுவர். றேலி அவ்வாறு ஒதுக்காமைக்குக் காரணம் அவர் எழுதிய இலக்கங்களுக்கு அவரே உத்தரவாதி என்பதுதான். வளியகற்றிய கோளம் வெளியமுக்கத்தாற் சிறிது சுருங்குவதையும் அவர் கணக்கிற் சேர்த்திருந்தார். காற்றைக் கலந்து அமோனியாவிலிருந்து பெற்ற நைதரசன் முதலில் ஆயிரத்திலொரு பங்கே வேறுபட்டது. அவ்வேறுபாட்டை மறைக்க முயலாது, காற்றுக்குப் பதிலாக ஒட்சிசனைக் கையாண்டு அதனைப் பெருக்கிப் பார்த்தார். 1892 இல் ‘நேச்சர்’ இதழில் மடலொன்று வரைந்து இரசாயனவியலாளரின் ஆலோசனையையுங் கோரினார். அவருக்குப் பரம்பரைச் சொத்தும், மாளிகையிலேயே அமைந்த ஆய்கூடமும், இலாபத்தை நோக்காது பல ஆண்டுகள் நிறுத்துக்கொண்டிருக்க ஓய்வும் இருந்தன என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

விடை யாவரும் அறிந்ததே. றேலியும் றம்சேயும் 1894 இல் அறிவித்த புதிய வாயு ஆகன். காற்றில் அது நூற்றுக்கு ஒன்றுக்குஞ் சற்றுக் குறைவு. ஒட்சிசனை நீக்கிய பின் எஞ்சும் ‘நைதரசனில்’ ஏறத்தாழ 1.2 வீதம் ஆகன் கலந்திருக்கும். நைதரசன் மூலக்கூறு 28, ஆகன் 40 எனக் கொண்டு கணித்தால் அவ்வாயு அரைவீதமளவு பாரங் கூடியதாக இருத்தல் வேண்டும் எனத் தெரியவரும். றேலியின் தராசு காட்டியதும் ஏறத்தாழ அதுவே.

இதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முந்தி, 1785 இல், கவென்டிஷ் என்பார் காற்றினூடே மின்பொறிகளைச் செலுத்தி நைதரசனை ஒட்சிசனுடன் சேர்த்து அகற்றிக்கொண்டே வந்தார். இறுதியிற் குழாயின் உச்சியில் ஒரு சிறு குமிழி எஞ்சிற்று. அது எத்தனை முயன்றும் கரையவில்லை. நைதரசனில் 120 இல் ஒரு பங்குக்கு அது மேற்படாது என அவர் தம் கட்டுரையில் எழுதிவைத்தார். அக்குமிழியைப் பூச்சியமென்று மட்டந்தட்ட அவர் துணியவில்லை. றம்சேயும் றேலியும் தம் ஆய்வின்போது திரும்பிச்சென்று படித்த பக்கம் அதுவே.